மூன்றாவது தட்டு

2024 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பது. வானம் மூடிக் கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. செஞ்சியில் இப்படிப்பட்ட நாட்களில் மலைப்பாறைகள் முந்தின நாள் வாங்கிய வெயிலை ஊர்மேல் திருப்பிக் கொட்டும். திண்டிவனம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் பதினான்கு மின்விசிறிகள் இருந்தன, ஒன்பது ஓடின. நூற்றுப் பத்து நாற்காலிகளில் எழுபத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இதையெல்லாம் ஏன் எண்ணினேன் என்று கேட்காதீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் நுண்ணோக்கியில் செல்களை எண்ணியவன் நான். ஓய்வு பெற்றபின் எண்ண செல்கள் இல்லாததால் கண்ணில் பட்டதை எண்ணுகிறேன்.

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். செல் வளர்க்கும் முறையை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களைப் பழக்கிவிட ஆட்கள் இருக்கிறார்கள். அன்று மண்டபத்தில் காட்டிய ஒரு படத்தைப் பற்றியும், அதைப் பார்த்த ஒரு மனிதனைப் பற்றியும் எழுதுகிறேன். இதில் ஆறுதல் ஏதும் கிடைக்காது. இருந்திருந்தால் ஓர் ஆண்டாகத் தேடுகிற என் கையில் அகப்பட்டிருக்கும்.

அன்று நடந்தது புற்றுநோய் விழிப்புணர்வு முகாம். நம் கூடத்திலிருந்து வந்திருந்த பெண் பேசினாள். உங்களுக்கு முன் சேர்ந்தவள், கெட்டிக்காரி. பெயர் வேண்டாம், ஏனென்றால் அவள் மேல் குற்றமில்லை. பேச்சின் நடுவில், செல் வளர்க்கிற இரண்டு தட்டுகளின் படத்தைத் திரையில் காட்டினாள். இரண்டிலும் ஒரே புற்றுநோய்ச் செல்கள், ஒரே எண்ணிக்கையில் விதைத்தவை. இடது தட்டுக்குக் கொழுப்பு உள்ள ஊட்டம். வலது தட்டுக்குக் கொழுப்பைப் பிரித்தெடுத்துவிட்ட ஊட்டம். ஆறு நாள் கழித்து, செல் இருக்கும் இடம் தெரிய ஊதாச் சாயம் ஏற்றி எடுத்த படம். இடது தட்டு நாவற்பழம் நசுக்கியதுபோல் முழுக்க ஊதா. வலது தட்டில் அங்கங்கே நாலு புள்ளி.

"பாருங்க, புற்றுநோய் வளர்றதுக்குக் கொழுப்பு வேணும். புதுச் செல்லுக்குச் சுவர் கட்டவும் கொழுப்பு, எரிச்சு சக்தி எடுக்கவும் கொழுப்பு" என்றாள்.

சொன்னது எல்லாம் சரி. நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

எனக்கு முன் வரிசையில், ஓடுகிற விசிறிக்கு நேர் கீழே, ஏழுமலை உட்கார்ந்திருந்தான். சிங்கவரம் ரோட்டில் என் வீட்டிலிருந்து நாலாவது கட்டடம் அவனுடைய எண்ணெய் மில். சுற்று வட்டாரத்து மல்லாட்டை எல்லாம் அங்கேதான் வரும். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ஐம்பத்து நாலு வயது, அறுபத்தெட்டு கிலோ, மூட்டை தூக்கிய தோள். இலவசமாகச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள் என்று வந்தவன். திரும்பி என்னிடம், "இன்னா சார், உங்காளுங்க என் வியாபாரத்துல மண்ணைப் போட்டுட்டு போயிடுவாங்க போலகுதே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

அடுத்த பொங்கல் முடிந்து அவனுக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்தது. புதுச்சேரிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் அறுத்து எடுத்தார்கள். கல்லீரலில் இரண்டு இடத்தில் பரவியிருந்ததால், பதினைந்து நாளைக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். டாக்டரம்மா தெளிவாகச் சொல்லி அனுப்பினார்: எல்லாம் சாப்பிடலாம், நெய், முட்டை, எண்ணெய், எது இறங்குகிறதோ அது. எடை குறையக் கூடாது. குறைந்தால் மருந்தைத் தாங்கமாட்டீர்கள்.

ஏழுமலை வீட்டுக்கு வந்ததும் எண்ணெயை நிறுத்தினான்.

எனக்கு இது தெரிந்தது அவன் மனைவி அஞ்சலை மூலம். ஒரு நாள் காலை வந்து வாசலிலேயே நின்றாள். கன்னத்தில் சின்னதாக ஒரு கொப்புளம்.

"தாளிக்கறதுக்குக் கூட எண்ணெ விடக் கூடாதாம் சார். கடுகை வெறும் சட்டியில போட்டேன். துள்ளி மூஞ்சில அடிச்சுது. எண்ணெ மில்லு வச்சிக்கினு இன்னாத்துக்கு இந்தப் பொழப்பு? நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க ஆபீசு படத்தைத்தான் ஓயாம சொல்லிக்கினு இருக்குது."

அன்றே போனேன். மில்லில் செக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏழுமலை பிண்ணாக்கை அள்ளிக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தான். ஊருக்கெல்லாம் எண்ணெய் ஆட்டிக் கொடுத்துவிட்டு அவன் மட்டும் வெந்த காயும் கஞ்சியும் சாப்பிடுகிறான். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மோட்டார் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"அவங்க மருந்து ஏத்தறவங்க சார். உடம்பு தெம்பா இருந்தா அவங்களுக்கு வேலை சுலபம். உள்ள இருக்கறது இன்னா துன்னுதுன்னு உங்களுக்குத்தான தெரியும்? வாழ்நாளெல்லாம் அதை வளத்தவரு நீங்கதான?"

"தட்டுல வளத்தேன் ஏழுமலை. தட்டு வேற, மனுஷன் வேற."

அவன் எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினான். மில்லில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

"ஒரே ஒரு கேள்வி சார். சுத்தி வளைக்காம சொல்லுங்க. அன்னிக்கி அந்தப் பொண்ணு காட்டுன படம் பொய்யா?"

இளையவர்களே, இந்த இடத்தில் என்னோடு கொஞ்சம் நில்லுங்கள். நம் தொழிலில் நெருக்கடி என்றால் நாம் நினைப்பது வேறு. இரவு கரண்ட் போய் உறைபெட்டி உருகுவது, செல்களில் பூஞ்சை விழுவது, ஆறு மாத வேலை குப்பைக்குப் போவது. அவை எல்லாம் எனக்கு நேர்ந்திருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் அடுத்து என்ன செய்வது என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள். எதிரே நிற்கும் ஒருவன், உயிர் அவனுடையது, ஒரே வார்த்தையில் பதில் கேட்கிறான். அதற்கு யாரும் எழுதி வைக்கவில்லை.

"பொய்" என்று சொல்லியிருந்தால் அன்று மதியமே சாப்பிட்டிருப்பான் என்று நினைக்கிறேன். ஆனால் படம் பொய் இல்லை. எண்ணாத செல்லை எண்ணியதாக ஒருநாளும் எழுதாதவன் நான்.

"பொய் இல்ல. ஆனா..." என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு மோட்டாரைப் போட்டான். "ஆனா"வுக்குப் பின்னால் நான் சொன்னதெல்லாம் செக்கில் அரைபட்டுப் போயிற்று.

ஆனாலும் விடவில்லை. மறுநாள் அவன் வீட்டில் உட்கார்ந்து விளக்கினேன். தட்டில் நாம் கொழுப்பை நிறுத்தினால் பட்டினி கிடப்பது புற்றுநோய்ச் செல் மட்டும்தான். அங்கே வேறு யாரும் இல்லை. உடம்பில் நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பது நீ. நோய் தனக்கு வேண்டியதை உன் தோளிலிருந்தும் தொடையிலிருந்தும் கரைத்து எடுத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் மாவுச்சத்திலிருந்து, சர்க்கரையிலிருந்து, தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்துகொள்ளும்.

கவனமாகக் கேட்டான். கடைசியில், "அப்ப சர்க்கரையையும் நிறுத்திடறேன் சார்" என்றான்.

அஞ்சலை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லா சொன்னீங்க சார். டீ ஒண்ணு பாக்கி இருந்துது, அதுவும் போச்சு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை மில்லிலேயே எடை போட்டோம். மல்லாட்டை மூட்டை நிறுக்கிற மின் தராசு. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மூட்டை வைக்கிற இடத்தில் நிற்பான். அறுவைக்குப் பிறகு அறுபத்து மூன்று. ஏப்ரல் கடைசியில் ஐம்பத்தேழு. எண் இறங்க இறங்க, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து மறுபடி நிற்கச் சொல்வேன். அவனுக்குச் சந்தோஷம். "இறங்குது பாருங்க சார். உள்ள அதுவும் இப்படித்தான் இறங்கிக்கினு இருக்கும்." வலது தட்டை நினைத்துக்கொண்டே பேசினான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அந்த நாலு புள்ளி.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன், அஞ்சலையிடம், தனியாக. கஞ்சியில் தெரியாமல் எண்ணெய் கலந்துவிடு என்று. நெய் வேண்டாம், வாசனை வரும். செக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். கடையில் விற்கிற, வாசனையும் நிறமும் எடுத்த எண்ணெயை வேளைக்கு இரண்டு ஸ்பூன். கலக்கிவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றேன். ஆய்வுக்கூடத்து ஆள் செய்யக்கூடிய தப்பு இதுதான். ஊட்டத்தில் எதைக் கலந்தாலும் செல் ஏன் என்று கேட்காது.

நாலு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் ஏழுமலை கஞ்சி குடித்த கிண்ணத்தைத் தானே கழுவப் போனான். தண்ணீர் ஊற்றிக் கட்டைவிரலால் அடியைத் தேய்த்தான். முப்பது வருடமாகப் பாத்திரத்தின் வழுக்கலை வைத்தே எண்ணெயின் ரகம் சொன்ன விரல்.

சண்டை போடவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தான். கூடவே அஞ்சலையும் ஓடி வந்தாள்.

"சார், இது உங்க வேலையா?"

"ஆமா."

"படம் பொய் இல்லன்னு சொன்னவரும் நீங்கதான்?"

"ஆமா."

"அப்ப தெரிஞ்சே ஊத்தியிருக்கீங்க."

அஞ்சலை, "அவர ஒண்ணும் சொல்லாத. நாந்தான் ஊத்துனேன். நீ துரும்பா போறத பாத்துக்கினு நான் சும்மா குந்தினு இருக்கணுமா?" என்றாள்.

"நீ ஊத்துனா ஆசையில ஊத்துன. இவரு படிச்சவரு" என்றான் அவன்.

அன்றிலிருந்து அவன் தன் கஞ்சியைத் தானே காய்ச்சிக்கொண்டான். அவள் கையால் வாங்கிச் சாப்பிடவில்லை. திருமணமாகி இருபத்தெட்டு ஆண்டு. அவன் சாப்பாட்டுக்கு அவள் அடுப்பு மூட்டாத முதல் மாதம் அது என்று அஞ்சலை சொன்னாள். எடையில் போனதைவிட எனக்கு அதுதான் பெரிய கணக்காகத் தெரிகிறது. அதை எந்தத் தராசில் நிறுப்பது என்று தெரியவில்லை.

பிறகுதான் எனக்கு மூன்றாவது தட்டு நினைவுக்கு வந்தது. இப்படி ஒரு சோதனையில் தட்டு இரண்டோடு முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க, புற்றுநோய் இல்லாத சாதாரணச் செல்களையும் கொழுப்பில்லாத ஊட்டத்தில் போட்டிருப்போம். அதுவும் வாடியிருக்கும். அந்தப் படம் கிடைத்தால், இதோ பார், வலது தட்டில் செத்தது நோய். இந்தத் தட்டில் சாவது நீ என்று காட்டிவிடலாம். படத்தால் வந்ததைப் படத்தால்தான் எடுக்க முடியும் என்று தோன்றியது.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி மூன்றாவது தட்டைக் கேட்டேன்.

"இருந்துச்சு சார். அதுவும் வாடிப்போச்சு. ஆனா படம் எடுக்கலை. கட்டுரையோட இணைப்புப் பக்கத்துல வரைபடமா போட்டிருக்கோம். அனுப்பட்டுமா?"

"தட்டு?"

"கழுவிட்டோம் சார். ஸ்லைடுல மூணு வச்சா பாக்கறவங்க குழம்பிடுவாங்கன்னு..." என்று இழுத்தாள். பிறகு, "அவர் எப்படி இருக்கார் சார்?" என்று கேட்டாள். நான் எடையைச் சொன்னேன். ஐம்பத்திரண்டு.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நம் கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். எடுத்துக் காட்ட இரண்டு தட்டு, நேர்மைக்கு மூன்றாவது. அது யாரும் திருப்பாத பக்கத்துக்குப் போய்விடும். படிக்கிற விஞ்ஞானிக்கு அது அங்கே இருக்கும் என்று தெரியும். முன் வரிசையில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது.

அவள் அனுப்பிய வரைபடத்தைக் கைப்பேசியில் ஏழுமலையிடம் காட்டினேன். ஒரு உயரக் கட்டை, பக்கத்தில் ஒரு குட்டைக் கட்டை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"இது இன்னா சார், கரண்ட் பில்லுல போடறாப்ல இருக்குது? படம் இல்லியா?"

"இல்ல."

"அதுக்குப் படம் இருந்துது. இதுக்கு இல்ல" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தான். கோபமாகச் சொல்லவில்லை. எனக்காக வருத்தப்படுவதுபோல் சொன்னான்.

ஆகஸ்ட் முதல் வாரம் ஆறாவது முறை மருந்து ஏற்றக் கூட்டிக்கொண்டு போனோம். எடை குறைந்துகொண்டே போனதால் அதற்குள் நாலு முறை தள்ளிப் போட்டிருந்தார்கள். வாடகைக் கார் அவர்கள் பிடித்தது; டிரைவர் பக்கத்தில் நான், பின்னால் அவனும் அஞ்சலையும். மருத்துவமனைத் தராசில் நாற்பத்தாறு காட்டியது. டாக்டரம்மா ரத்த அறிக்கையைப் பார்த்தார், அவன் கையைப் பிடித்துச் சதையை அழுத்திப் பார்த்தார். பிறகு எங்களை உட்காரச் சொன்னார்.

"இந்த உடம்புல இனி ஏத்த முடியாதுங்க. நோய்க்கு முன்னாடி மருந்தே இவர முடிச்சிடும். ஸ்கேன்ல கல்லீரல்ல இருந்தது பெருசாயிருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி வராம பாத்துக்கலாம்."

பெருசாயிருக்கு. இருபத்திரண்டு கிலோ அவனிடமிருந்து போயிருந்தது. அது ஒரு கிராம் கூட இழக்கவில்லை.

நான் அவரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன், எண்ணெய் சேர்த்துச் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பானா என்று. அவர் நேர்மையானவர். "தெரியாது சார். சில பேர் எவ்வளவு சாப்பிட்டாலும் இந்த நோய் இப்படித்தான் உருக்கும். இன்னும் நாலு தடவை மருந்து ஏத்தியிருக்கலாம். அது என்ன பண்ணியிருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான் கொன்றேன் என்றும் சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஏழுமலை கிடையாது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. ஊர் மண்டபத்துக்குப் போனால் மூன்று தட்டையும் காட்டுங்கள். பார்க்கிறவர்கள் குழம்பட்டும். குழம்பினவன் நாலு பேரைக் கேட்பான்; தெளிந்துவிட்டவன் யாரையும் கேட்கமாட்டான். இதைச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். அப்படி நம்புகிற வயதைத் தாண்டிவிட்டேன்.

திரும்பி வரும்போது திண்டிவனம் தாண்டிப் பதினைந்து நிமிடம் இருக்கும். தீவனூர் பக்கம் ரோட்டோரக் கடையில் ஒருவர் வடை போட்டுக்கொண்டிருந்தார். கார் கண்ணாடி இறங்கியிருந்தது.

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க சார்" என்றான் ஏழுமலை.

வாந்தி வருகிறதோ என்று நினைத்தேன். அவன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மசால் வடைதான அது? ஒண்ணு வாங்கிக் குடுங்க."

அஞ்சலை அவன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் இறங்கி வாங்கி வந்தேன். அவன் காகிதத்தோடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை வாயில் போட்டான். காகிதத்தில் எண்ணெய் பரவியது. அதைக் கவனித்தான், ஆனால் துடைக்கவில்லை.

"அந்தப் படம்..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க சார். இனிமே யாருக்குப் பத்தியம்?" என்றான். மென்று விழுங்க நேரம் எடுத்தது. "பாமாயிலு. மூணு நாளா அதே எண்ணெ. இவன் கடைக்கு நம்ம எண்ணெ போட்டிருந்தா..."

"வாய மூடிக்கினு துன்னு" என்றாள் அஞ்சலை. பாதி வடையைத் தன் கையால் எடுத்து அவன் வாயில் வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.

ஒன்றரை வடை சாப்பிட்டான். அதற்கு மேல் இறங்கவில்லை. அன்றிலிருந்து பத்தொன்பதாவது நாள் விடியற்காலையில் போய்விட்டான்.

கார் வாடகை, மருத்துவமனை, மருந்து எல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். என்னை ஒரு ரூபாய் எடுக்கவிடவில்லை. இத்தனை மாதத்தில் என் பையிலிருந்து போனது அந்த வடைக் காசு ஒன்றுதான். நாலு வடை, நாற்பது ரூபாய்.